4 டெஸ்டும் 200 டெஸ்டும்

அன்புள்ள ஐயா,

கிரிக்கெட்டின் புகழரங்கம் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரு வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஐசிசியின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் 200 டெஸ்ட் ஆடி 15,921 ரன் குவித்த சச்சின் டெண்டுல்கர் இருக்கிறார். 4 டெஸ்ட் மட்டுமே ஆடிய பாரி ரிச்சர்ட்ஸும் இருக்கிறார். 10 டெஸ்ட் ஆடிய நீது டேவிட்டும் இருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் யோசனை எளிது. ஓய்வு பெற்றவர்களுக்கு ஓர் எல்லைக்கோடு வைத்துவிடலாம். மட்டையாளர் என்றால் இத்தனை ரன், பந்துவீச்சாளர் என்றால் இத்தனை விக்கெட். தாண்டியவர் உள்ளே, தாண்டாதவர் வெளியே. சிபாரிசும் நாட்டுப்பற்றும் நுழைய வழியே இருக்காது. எண்கள் பொய் சொல்லாது அல்லவா? இன்னொரு கேள்வியும் உண்டு. சூதாட்டம், ஊக்கமருந்து என்று பெயர் கெட்டவர்களை என்ன செய்வது? உங்கள் கையில் ஒரே ஒரு வாக்கு இருந்தால் யாருக்குப் போடுவீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான். கல்லூரி நாட்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சொந்தமாக ஒரு புகழரங்கமே நடத்தினேன். மட்டையாளர்களுக்கு 8,000 ரன், பந்துவீச்சாளர்களுக்கு 300 விக்கெட் என்று கோடு கிழித்திருந்தேன். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பிராட்மேனின் பெயரை எழுதப் போனேன். 52 டெஸ்ட், 6,996 ரன். என் சட்டப்படி அவருக்கு அனுமதி இல்லை. பிராட்மேனை வாசலில் நிறுத்திவைத்த காவல்காரன் நான் என்று தெரிந்ததும் நோட்டை மூடிவிட்டேன். பிறகு ஒருமுறை புரட்டிப் பார்த்தபோது, அந்தப் பட்டியலில் ஒரு விக்கெட் கீப்பர்கூட இல்லை என்பதும் கண்ணில் பட்டது. கணக்கில் ஏறுகிற வேலையைச் செய்தவர்கள் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கலாமே என்பீர்கள். எவ்வளவு இறக்கினாலும் பாரி ரிச்சர்ட்ஸ் வரமாட்டார். அவரைப் பார்த்துவிட்டு மற்றதற்கு வருவோம்.

1970 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டை ஆடினார். அப்போது அவருக்கு வயது 24. அந்தத் தொடரின் நான்கு டெஸ்டிலும் தென்னாப்பிரிக்கா வென்றது. ரிச்சர்ட்ஸ் இரண்டு சதங்களோடு 508 ரன் எடுத்தார், சராசரி 72.57. மார்ச்சில் தொடர் முடிந்தது. அவருடைய டெஸ்ட் வாழ்க்கையும் அதோடு முடிந்தது. நிறவெறி ஆட்சியின் காரணமாகத் தென்னாப்பிரிக்கா விலக்கிவைக்கப்பட்டது. அந்நாடு அடுத்த டெஸ்டை ஆடியது 1992 ஏப்ரலில்தான். அப்போது ரிச்சர்ட்ஸுக்கு 46 வயது.

அப்படியானால் ‘ஆடியிருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பார்’ என்கிற ஏக்கத்துக்காகவா இடம் கொடுத்தார்கள்? அதற்காக மட்டும் கொடுத்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து எதிர்த்திருப்பேன். ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லுக்குக் கதவைத் திறந்தால் ஊரில் பாதிப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள். முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால் தானும் தேசிய அணியில் ஆடியிருப்பேன் என்று சொல்லும் சித்தப்பா யாருக்குத்தான் இல்லை? ரிச்சர்ட்ஸ் விஷயம் வேறு. டெஸ்ட் இல்லாவிட்டாலும் ஆடுகளம் இருந்தது. முதல்தரப் போட்டிகளில் 28,358 ரன், 80 சதம். 1970 நவம்பரில் பெர்த்தில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்காக இறங்கி ஒரே நாளில் 325 ரன் எடுத்தார். எதிரே பந்து வீசியவர்களில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்களான டென்னிஸ் லில்லியும் கிரஹாம் மெக்கன்சியும் உண்டு. சான்று இருந்தது. அது உங்கள் அட்டவணைக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

நீது டேவிட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கு டெஸ்டே அபூர்வமாக நடந்த காலத்தில் கிடைத்த பத்தில் 41 விக்கெட் எடுத்தார். 1995இல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 53 ரன் கொடுத்து 8 விக்கெட். 200 டெஸ்ட் ஆடவில்லையே என்று அவரைக் கேட்பது, பரிமாறாத பந்தியில் உட்கார வைத்துவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பது போல.

இனி உங்கள் பிரம்மாஸ்திரம்: எண்கள் பொய் சொல்லாது. பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் மாறும். இதற்குக் கிரிக்கெட்டை விடப் பேஸ்பாலில் நல்ல உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழரங்கத்துக்கு 1936இல் முதல் தேர்தல் நடந்தது. 226 வாக்குகளில் 222 பெற்று முதலிடத்தில் வந்தவர் டை காப். வாழ்நாள் பேட்டிங் சராசரியில் (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ‘ஹிட்’ ஆனது என்ற கணக்கு) அவரை மிஞ்ச ஆளில்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அந்தத் தேர்தல் நடந்த காலத்தில் ஜாஷ் கிப்சன் என்றொரு கறுப்பின வீரர் ஆடிக்கொண்டிருந்தார். ‘மேஜர் லீக்’ எனப்படும் பெரிய லீகில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. நீக்ரோ லீக் என்ற தனி லீகில் ஆடினார். 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் பெரிய லீகில் கால் வைத்து அந்தத் தடையை உடைத்தார். நீக்ரோ லீக் ஆட்டங்களின் கணக்கைப் பெரிய லீகின் கணக்கோடு சேர்த்தது 2024 மே மாதத்தில். சேர்த்த அன்று கிப்சனின் சராசரி 0.372, காப்பின் சராசரி 0.367. இறந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் முதலிடத்துக்கு வந்தார். அவர் கூடுதலாக ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை.

கிப்சனைப் புகழரங்கம் சேர்த்துக்கொண்டது 1972இல். கணக்கு திருத்தப்படும்வரை காத்திருந்தால் இன்னும் ஐம்பது ஆண்டு வெளியே நின்றிருப்பார். அந்த வாசல் திறந்ததில் டெட் வில்லியம்ஸ் என்ற பெரிய லீக் நட்சத்திரத்துக்குப் பங்குண்டு. 1966இல் தனக்கு இடம் கிடைத்த மேடையிலேயே, வாய்ப்பு மறுக்கப்பட்ட கிப்சன், நீக்ரோ லீகின் பந்துவீச்சாளர் சாட்செல் பேஜ் போன்றவர்களுக்கும் இங்கே இடம் வேண்டும் என்று பேசினார். 1971இல் பேஜைச் சேர்த்தபோது முதலில் தனிப் பகுதியில் வைக்கத்தான் நினைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மற்றவர்களோடு சமமாக இடம் கொடுத்தார்கள். அந்த அரங்கத்தின் பொது விதி, பெரிய லீகில் பத்துப் பருவம் ஆடியிருக்க வேண்டும் என்பது. பேஜ் அங்கே முதன்முதலாகப் பந்து வீசியபோது அவருக்கு வயது 42. உங்கள் எல்லைக்கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பலி கிடைக்காது.

அங்கே வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. 1936இல் பேஸ்பாலின் மாபெரும் நட்சத்திரமான பேப் ரூத்தின் பெயரை எழுதாமல் விட்ட மகானுபாவர்கள் 11 பேர். 1979இல் இன்னொரு நட்சத்திரமான வில்லி மேஸை விட்டவர்கள் 23 பேர். ரூத்துக்கே முழு வாக்கு விழாதபோது இவருக்கு எப்படி விழலாம் என்று ஒரு வாதம் வைத்திருந்தார்கள். அந்தக் கிறுக்குத்தனம் 2019இல் மரியானோ ரிவேரா என்ற பந்துவீச்சாளருக்கு 425 வாக்கும் விழும்வரை நீடித்தது. ஆனாலும் கிறுக்கரோடு வாதிடலாம், அட்டவணையோடு வாதிட முடியாது. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழிய வேண்டும் என்ற விதி மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். கைதட்டல் அடங்கி, விளம்பரங்கள் நின்று, அடுத்த நட்சத்திரம் வந்த பிறகும் ஒருவரைப் பற்றிப் பேச்சு வருகிறதா என்று பார்க்க அவ்வளவு காலமாவது வேண்டும்.

பெயர் கெட்டவர்கள் விஷயத்தில் என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ் அடித்த ஹோம் ரன்கள் (நம் சிக்ஸர் போன்றவை) 762. அவற்றை மிஞ்ச இன்னும் ஆளில்லை. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு அவரை விடவில்லை. புகழரங்கத்தில் நுழையத் தேவை 75 விழுக்காடு வாக்கு. எழுத்தாளர்களின் வாக்கில் கடைசி வாய்ப்பான 2022இல் 66 விழுக்காட்டோடு நின்றுவிட்டார். ஆனால் பழைய சாதனையை முறியடித்த அவருடைய 756ஆவது ஹோம் ரன் பந்து கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சந்தேகத்தைக் குறிக்கும் நட்சத்திரக் குறி பொறிக்கப்பட்டு. பந்து உள்ளே, அடித்தவர் வெளியே. நானாக இருந்தால் அவரையும் உள்ளே விட்டு, அதே நட்சத்திரக் குறியை அவர் பெயர்ப் பலகையிலும் பொறிப்பேன். பலகை மெய்க்கீர்த்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னொரு பேஸ்பால் வீரர் பீட் ரோஸின் கதை வேறு. 4,256 ஹிட், எவரும் தொடாத எண்ணிக்கை. ஆனால் தான் மேலாளராக இருந்த அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினார். ஊக்கமருந்து எடுத்தவன்கூட ஜெயிக்கத்தான் பார்க்கிறான். பந்தயம் கட்டியவன் எதைப் பார்க்கிறான் என்று அரங்கில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. அதனால் 1989இல் அவருக்கு விதித்த தடையை அவர் உயிரோடு இருந்தவரை விலக்காதது சரி. 2024இல் அவர் இறந்தார். நிரந்தரத் தடை இறப்போடு முடியும் என்று லீக் 2025 மே மாதம் முடிவெடுத்தது, அதுவும் சரி. இது முரண் என்று உங்கள் நண்பர்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார். சொல்லட்டும்.

கடைசியாக, என் வாக்கு. அது பேசில் டி ஒலிவேராவுக்கு.

கேப் டவுனில் பிறந்தவர். கலப்பினத்தவர் என்று அரசு முத்திரை குத்தியதால் சொந்த நாட்டு அணியில் ஆட முடியாது. 1960இல் இங்கிலாந்துக்கு வந்து லங்காஷயர் பக்கம் ஒரு சிறிய கிளப்பில் தொடங்கி, 1966இல் இங்கிலாந்து அணிக்குள் நுழைந்தார். 1968இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன் அடித்தும் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு அவரைத் தேர்வு செய்யவில்லை. தேர்வான இன்னொருவர் காயத்தால் விலகியதும் அவருடைய இடத்தில் இவரைச் சேர்த்தார்கள். இவர் வந்தால் ஏற்கமாட்டோம் என்றார் அந்நாட்டுப் பிரதமர் வோர்ஸ்டர். பயணமே ரத்தானது. தென்னாப்பிரிக்கா தனிமைப்பட்டதில் பெரிய திருப்பம் அதுதான். இரண்டே ஆண்டுகளில் பாரி ரிச்சர்ட்ஸின் முகத்துக்கு நேரே சாத்திய கதவு, இங்கிருந்துதான் மூடத் தொடங்கியது. நிறத்தால் நான்கு டெஸ்டாவது கிடைத்தவரும், நிறத்தால் இளமை முழுவதையும் இழந்தவரும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். ஒருவரை மட்டும் நினைவு வைத்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. இன்னொன்றும் உறுத்துகிறது: அதே நாட்டில் யாரும் ஸ்கோர் எழுதிவைக்காத மைதானங்களில் ஆடியவர்களுக்குச் சான்று கேட்டால், அவர்கள் எதைக் காட்டுவார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

டி ஒலிவேரா 44 டெஸ்டில் எடுத்தது 2,484 ரன். என் பழைய நோட்டின் கோட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கிலாந்துக்கு வந்தபோது தன் வயதைச் சில ஆண்டுகள் குறைத்துச் சொல்லியிருந்தார். உண்மையான வயது தெரிந்தால் எந்த அணியும் தன்னைத் திரும்பிப் பார்க்காது என்ற பயம்.

உங்கள் அட்டவணையில் வயது என்று ஒரு கட்டம் இருந்தால், அவருக்கு நேரே எதை எழுதுவீர்கள் என்று நண்பர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.