'அறியாமைத் திரை' என்றால் என்ன? நீதியான சமூகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971இல் விரிவாக முன்வைத்த யோசனை இது. ஒரு சமூகத்துக்கு விதி எழுதப் போகிறீர்கள். ஆனால் அங்கே நீங்கள் ஆணா பெண்ணா, காணிக்காரரா கூலியாளா, எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் திரை.

ஏன் இப்படி? தன் இடம் தெரிந்தவர் தனக்குச் சாதகமாகவே யோசிப்பார். அது கெட்ட மனம் இல்லை, மனித இயல்பு.

வன்னியின் இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம், அதாவது மழை குறைந்த கால நெற்செய்கை, என்று வையுங்கள். குளத்தில் தண்ணீர் மட்டு. வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ளவர், "முதலில் எனக்குப் பாயட்டும், மிச்சம் கீழே போகட்டும்" என்பார். சரி, விதியை எழுதிய பிறகுதான் யாருக்கு எந்த வயல் என்று சீட்டுக் குலுக்குவோம் என்றால்? கடைசி வயலுக்கும் முறைநாள் வேண்டும் என்று அவரே முதலில் கேட்பார். போரில் காலை இழந்தவராக, தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாயாகக்கூட நீங்கள் இருக்கலாம். வன்னியில் இது வெறும் கற்பனை இல்லை.

திரைக்குப் பின்னால் மக்கள் இரண்டு விதிகளுக்கு இணங்குவார்கள் என்றார் றோல்ஸ். ஒன்று, அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லோருக்கும் சமம். மற்றது, ஏற்றத்தாழ்வு இருந்தால், மேலே போகும் வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். மிகக் கீழே இருப்பவருக்கும் அதனால் நன்மை வர வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் இது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை: கடைசி வயலுக்கும் தண்ணீர் சேரப் பாடுபடுபவருக்கு இரண்டு மூட்டை நெல் கூடக் கொடுக்கலாம்.