மகள் ஜியாலஜி கேட்கிறாள், சேர்க்கலாமா?

மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு ஜியாலஜிதான் படிப்பேன்னு நிக்கிறா. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு ஊரே ரோட்டுல உட்கார்ந்துச்சு. இப்ப எம்மகளே அந்த வேலைக்குப் போறதா? அதுல வேலை கிடைக்குமா? பொம்பளைப் பிள்ளைக்குத் தோதுப்படுமா?"

அண்ணே, முதல் கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனதையும், 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அதை ரத்து செய்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 2,015 ஹெக்டேர். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதியும் அதற்குள் வந்ததுதான் பெரிய கோபம். ஆனால் ஜியாலஜி என்பது பாறைகளையும் கனிமங்களையும் பற்றிய படிப்பு. சுரங்கம் வெட்டுவதற்கான படிப்பு மைனிங் இன்ஜினியரிங், அது தனி. ஜியாலஜிஸ்ட் செய்வது, ஒரு வட்டாரத்தில் என்ன கனிமம் இருக்கிறது, எவ்வளவு இருக்கலாம், அதை எந்த அளவு நம்பிச் சொல்லலாம் என்று கணக்குக் கொடுப்பது. எடுப்பதா விடுவதா என்று தீர்மானிப்பது அரசு. ஆனாலும் அந்த அறிக்கையை வைத்துத்தான் ஏலமே வருகிறது. உங்கள் மகள் எழுதும் அறிக்கை ஒருநாள் வேறொரு ஊரை ரோட்டில் உட்கார வைக்கலாம். இதை வீட்டில் இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் செயற்கைக்கோள் படங்களையும் பழைய வரைபடங்களையும் வைத்துக்கொண்டு, சுத்தியலும் காம்பஸும் லென்ஸுமாக நடந்தே பாறைகளைக் குறிப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர் என்ற அளவில் வரைபடம் உருவாகும். ஓடை மண்ணை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நாடு முழுக்க நடக்கும் வேதியியல் வரைபடப் பணியில் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டம் போட்டு மாதிரி எடுக்கிறார்கள். எந்த ஓடையில் ஓர் உலோகம் வழக்கத்துக்கு மேல் காட்டுகிறதோ, அதன் மேட்டுப் பக்கம் தேடல் தொடரும். டங்ஸ்டன் தாதுவான ஷீலைட்டைத் தேடுபவர்கள் இரவில் புறஊதா விளக்கோடு போவதும் உண்டு, அந்த வெளிச்சத்தில் அது நீலவெள்ளையாக ஒளிரும். சந்தேகம் வலுத்தால் பள்ளம் வெட்டுவார்கள், அப்புறம் துளையிட்டு உருளை உருளையாகப் பாறையை எடுப்பார்கள். அதை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, மறுபாதியைப் பெட்டியில் வரிசைப்படி பத்திரப்படுத்துவார்கள்.

இந்தப் படிகளுக்கு ஜி4 முதல் ஜி1 வரை பெயர். ஜி4 என்பது மேலோட்டமான நோட்டம், ஜி1 நெருக்கமாகத் துளையிட்டுப் பார்த்தது. பூமிக்குள் இருப்பதாக மதிப்பிடுவது 'வளம்'. இன்றைய விலையிலும் சட்டத்திலும் லாபத்தோடு எடுக்கக்கூடிய பகுதி மட்டுமே 'இருப்பு'. ஜி4 நிலையில் வந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு "இத்தனை கோடிப் புதையல்" என்று பேசுவதுதான் நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்களின் வேலை. நல்ல ஜியாலஜிஸ்ட் "இங்கே ஒன்றும் தேறாது" என்றும் எழுதிக் கொடுப்பார். அதுவும் முழு வேலைதான், சம்பளம் குறையாது.

சரி, வேலை. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் கஷ்டம், குவாரி கம்பெனிகளில் சொற்பச் சம்பளம்தான் கிடைக்கும். எம்.எஸ்சி. வரை ஐந்து வருடம் படிக்க வைக்க முடியும் என்றால் மட்டும் சேருங்கள். முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுதலாம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் இதன்வழிதான் ஆள் எடுக்கிறார்கள். வயது 21 முதல் 32, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் தளர்வு உண்டு. இடங்கள் ஏறி இறங்கும்: 2023 தேர்வுக்கு 285 அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு 56. அதனால் இதை ஒன்றையே நம்பி உட்காரக்கூடாது. டி.என்.பி.எஸ்.சி. மூலம் உதவி ஜியாலஜிஸ்ட் பணி வரும். சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினின் கிராஃபைட் சுரங்கம், விருதுநகர் பக்கம் சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் என்று கூப்பிடு தூரத்திலேயே ஜியாலஜிஸ்ட்டுக்கு வேலை உள்ள இடங்கள் இருக்கின்றன. 2023இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் டங்ஸ்டனும் கிராஃபைட்டும் இருப்பதால் தேடல் பணி இப்போதைக்குக் குறையாது. என்னைக் கேட்டால், கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நிலத்தடி நீர்ப் பக்கம்தான் மனசுக்கு ஒட்டும். ஆனால் அது அவள் பாடு.

பெண்களுக்குத் தோதா என்றால், அரசு ஆய்வுப் பணியில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். நிலத்தடிச் சுரங்கத்தில் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பெண்களை அனுமதித்து 2019இல் அரசாணையும் வந்துவிட்டது. ஆனால் வருடத்தில் பல மாதம் கேம்ப் இருக்கும், மொழி தெரியாத மாநிலத்தில் தங்க வேண்டியிருக்கும். கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் ஒருநாள் அவளை யானைமலை அடிவாரத்தில் காலையிலிருந்து மாலை வரை நடக்கவிட்டு, பார்த்த பாறைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வெயில் அவளுக்கு ஒத்துவருகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

பி.எஸ்சி.க்குத் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் விசாரியுங்கள். பி.எஸ்சி. கடைசி வருடத்தில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கிடைக்க வாய்ப்பு உண்டு. எம்.எஸ்சி.யில் சேரும்போது பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். ஜியாகிரபி பட்டத்தை வைத்து ஜியாலஜிஸ்ட் தேர்வு எழுத முடியாது; 'பூமி', 'தொலையுணர்வு' என்று பெயர் வைத்த படிப்புகள் எல்லாமே செல்லும் என்றும் நினைத்துவிடாதீர்கள். யு.பி.எஸ்.சி. அறிவிப்பில் தகுதிப் பட்டங்களின் பட்டியல் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை நாள் கள முகாம் கூட்டிப் போகிறீர்கள் என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.