கடன் வாங்கியாவது அந்தக் கல்லூரிதானா?

கேள்வி: என் மகள் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறாள். பெயர் பெற்ற தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டு கணினி அறிவியல் படிக்க ஆசைப்படுகிறாள். செலவில் பெரும்பகுதிக்குக் கடன்தான் வாங்க வேண்டும். டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாமே என்கிறான் என் தம்பி. அதைச் சொன்னாலே அவள் அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கடன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கட்டணத்தை மட்டுமே பார்க்கிறார்கள். வட்டி படிக்கும்போதே ஓடத் தொடங்கிவிடும் என்பது பிறகுதான் உறைக்கிறது. 10 சதவீத வட்டிக்கு 100 ரூபாய் கடன், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25 ரூபாயாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 25-க்கு நான்கு ஆண்டு வட்டி, அடுத்ததற்கு மூன்று ஆண்டு... இப்படித் தனிவட்டியாகப் போட்டாலே, பட்டம் வாங்கும் நாளில் கடன் 125. அதைப் பத்து ஆண்டு மாதத் தவணையில் அடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 198 கட்டியிருப்பீர்கள். வேலை கிடைக்க ஓராண்டு தாமதமாகி, தவணையும் அதுவரை தள்ளிப்போனால் 214.

இது தாங்குமா என்பது மகள் வாங்கப்போகும் சம்பளத்தைப் பொறுத்தது. கல்லூரியின் விளம்பரத்தில் இருக்கும் சராசரிச் சம்பளத்தை நம்பாதீர்கள். ஒன்பது பேர் மாதம் 20 ஆயிரமும் ஒருவர் 2 லட்சமும் வாங்கினால் சராசரி 38 ஆயிரம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 38 ஆயிரம் வாங்கவில்லை! வரிசையில் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது, வேலையே கிடைக்காதவர்களையும் சேர்த்தார்களா என்று கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். மொத்தக் கடன் அந்த நடு மாணவரின் முதலாண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது என் அளவுகோல். வீட்டுப் பத்திரத்தை அடமானம் கேட்டால் யோசிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் தம்பியும் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறார். டிப்ளமோவுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு, பிறகு பட்டத்துக்கு மூன்று ஆண்டு. அதாவது ஓரிரு ஆண்டு கூடுதல். அந்த ஆண்டுகளில் வராமல் போகும் சம்பளமும் செலவுதானே? ஆனால் அந்த வழியில் ஒரு பாதுகாப்பு உண்டு. பாதியில் நிற்க நேர்ந்தால் டிப்ளமோவாவது கையில் இருக்கும். நான்காண்டுப் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவருக்குக் கடன் மட்டுமே மிஞ்சும்.

என்னைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவே குறைந்த கட்டணத்தில் இதே பாடத்தை நடத்தும் அரசுக் கல்லூரியைத்தான் முதலில் தேடுவேன். மருத்துவம், சட்டம் போலன்றி, கணினித் துறையில் தொழில் செய்யப் பெரும்பாலும் உரிமம் வேண்டியதில்லை. எழுதிக் காட்டும் நிரலுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. ஆனாலும் பட்டம் இல்லாத விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்காத நிறுவனங்களும் உண்டு என்பதால், படிப்பையே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். சில மாதப் பயிற்சியில் வேலை உறுதி என்று பெருந்தொகை கேட்பவர்களிடமும் அந்த நடு மாணவர் கேள்வியையே கேளுங்கள்.

மகளின் அழுகைக்கு வருவோம். ஜெர்மனியில் தொழிற்கூடத்தில் சம்பளத்தோடு வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போகிற முறை இருக்கிறது. அங்கே அது மதிப்பான பாதை. நம் வீடுகளிலோ டிப்ளமோ என்றால் மதிப்பெண் குறைந்தவர்களுக்கானது என்று முகத்தைச் சுளிக்கிறோம். அவள் அழுவது பாடத்துக்காகவா, தோழிகளுக்காகவா, அந்த இளக்காரத்துக்குப் பயந்தா? பக்கத்தில் உட்காரவைத்து, வட்டிக் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள்.

அந்தத் தனியார் கல்லூரியிலேயே கட்டணச் சலுகை உண்டா என்றும் விசாரியுங்கள். தருவதாகச் சொன்னால், அது முதல் ஆண்டுக்கு மட்டுமா, நான்கு ஆண்டுக்கும் உண்டா, மதிப்பெண் குறைந்தால் பறிபோகுமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.