இசைக் கேள்வி–பதில்: இரண்டு காதிலும் ஒரே ஒலி

கேள்வி: பிரிட்டனின் சாஃப்ட் செல் இசை இரட்டையரின் 'திஸ் லாஸ்ட் நைட் இன் சோடம்' ஆல்பத்தைக் கேட்டால் ஹெட்ஃபோனின் இரு பக்கமும் ஒரே ஒலிதான் வருகிறது; கரகரப்பு வேறு. முதல் ஆல்பம் தெளிவாக இருக்கிறதே. ஹெட்ஃபோன் போய்விட்டதா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஹெட்ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை மோனோவில்தான், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி வரும்படிதான் மிக்ஸ் செய்தார்கள். 1981-இல் இவர்களின் 'டெய்ன்டட் லவ்' பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு முதல் ஆல்பத்தை மைக் தார்ன் தயாரித்தார். அதில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி இடம் உண்டு. 1983-இல் வந்த 'தி ஆர்ட் ஆஃப் ஃபாலிங் அபார்ட்' ஆல்பம் இருண்டது. 1984 மார்ச்சில் நீங்கள் கேட்கும் ஆல்பம் வந்தபோது, இரட்டையரான மார்க் ஆல்மண்டும் டேவ் பாலும் பிரிவதென்று முடிவெடுத்திருந்தார்கள். தயாரிப்பையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். குரல், டிரம், சின்தசைசர் மூன்றும் நடுவில் முட்டி மோதுகின்றன. முதல் ஆல்பத்தின் மெருகைத் தங்கள் கையாலேயே உரித்தெடுத்த துணிச்சலுக்காக இதை அவர்களின் உச்சம் என்றே சொல்வேன். அடுத்த ஆல்பம் வர 2002 ஆயிற்று.

சோதிக்க வேண்டுமா? ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாட்டைத் திறந்து, டிராக் மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுங்கள். ஒரு டிராக்கை மட்டும் தேர்ந்து 'இன்வர்ட்' செய்து (ஒலி அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மோனோ என்றால் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அமைதியாகிவிடும். எம்பி3 கோப்பில் லேசான இரைச்சல் மிஞ்சலாம். அது கோப்பைச் சுருக்கியதால் வருவது. ஒரு டிராக்கின் வால்யூம் ஸ்லைடரை மட்டும் தொட்டுவிட்டால் சோதனை பொய்த்துவிடும்.

கேட்கும்போது 'பாஸ் பூஸ்ட்' (கீழ் ஒலிகளைக் கூட்டும் வசதி) வேண்டாம். ஏற்கெனவே நெரிசலான மிக்ஸில் குரல் அமுங்கிப் போகும். காது வலித்தால் ஈக்வலைசரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை 2 டெசிபல் குறையுங்கள். நம் காதுக்குக் கூர்மை அதிகம் அங்கேதான்.

கேள்வி: இதே ஆல்பம் என்னிடம் எல்பி இசைத்தட்டாக இருக்கிறது. ஏற்காட்டுப் பனியில் உறையில் பூஞ்சை, தட்டும் பொரிகிறது.
– வாசகர், ஏற்காடு

பதில்: காய்ச்சி வடித்த நீர் 3 பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 1 பங்கு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பள்ளத்துக்குள் இறங்கும். நடு லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் வடிநீரால் ஒருமுறை துடைத்து, நிற்க வைத்து உலர்த்துங்கள். உள் காகித உறையை எறிந்துவிடுங்கள், இல்லையேல் பூஞ்சை திரும்பி வரும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் இந்தத் தட்டுக்கு அதை அமுக்குங்கள். பொரிச்சல் இரு பக்கமும் ஒரே மாதிரி வராததால் ஓரளவு அடங்கும். மோனோ பாட்டுக்கு நஷ்டமில்லை.

வீட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்து 78 சுழற்சித் தட்டுகளும் இருந்தால் இந்தக் கலவை அவற்றின் பக்கமே போகக் கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். அவற்றுக்கு வடிநீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போதும்.