முழுக்க எவ்வளவு கட்ட வேண்டும்?

மட்டக்களப்பில் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்குப் பல வருடம் கணக்கு எழுதியவள் நான். கடன், படிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிரானிலிருந்து: "அக்கா, 60,000 ரூபாய் கடனுக்கு மாதம் 2 வீத வட்டிதான் என்றார்கள். 12 மாதம், மாதம் 6,200 கட்டுகிறேன். ஏன் மூச்சு முட்டுகிறது?"

தங்கச்சி, 6,200 ஐ 12 ஆல் பெருக்குங்கள். 74,400. வட்டி மட்டும் 14,400. ஆறு மாதம் கட்டி முடித்தபோது வாங்கிய முதல் தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆனாலும் கடைசி மாதம் வரை வட்டி முழு 60,000க்கும்தான். மிச்சமுள்ள முதலுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அது மாதம் ஏறத்தாழ மூன்றரை வீதம். கையெழுத்து வைக்க முன் இரண்டே கேள்வி: முழுக்க எவ்வளவு கட்ட வேண்டும்? வட்டி முழுத் தொகைக்கா, மிச்சத்துக்கா? பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: "ஒரு கடனைக் கட்ட இன்னொன்று எடுக்கலாமா?"

வேண்டாம். ஒரு வீட்டில் கடன் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படலையில் கடன் வசூலிக்க வந்தவரின் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டதும் அந்த வீட்டுப் பெண் குசினிக்குள் போய்விட்டார். "அம்மா வீட்டில இல்ல" என்று சொல்ல வந்தது சின்ன மகள். பாயில் நாலு கடனின் தவணைப் புத்தகங்கள் கிடந்தன. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் வரையான நுண்கடனை ரத்துச் செய்வதாக அரசு அறிவித்ததே, நிலைமை அவ்வளவு மோசமானதால்தான். கடன் கொடுத்த இடத்துக்கே போய், தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், குழுவாகப் போங்கள்.

சித்தாண்டியிலிருந்து: "அரசின் அஸ்வெசும உதவிப் பணம் எடுக்கும் வங்கி அட்டையைக் கடைக்காரர் கடனுக்குப் பொறுப்பாகக் கேட்கிறார்."

கொடுக்காதீர்கள். இரகசிய இலக்கத்தையும் சொல்லாதீர்கள்.

திருக்கோவிலிலிருந்து: "மகன் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியில்லை. கடனை அடைக்கக் கொழும்புக் கடைக்குப் போகிறேன் என்கிறான்."

அம்மா, அவனை நிறுத்தி வையுங்கள். 13 வருட உத்தரவாதக் கல்வி என்று 2017 இல் தொடங்கிய திட்டத்தில், சித்தியடையாத பிள்ளையும் தொழில் பிரிவில் 12, 13 ஆம் தரம் படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், தன் காதால் கேட்கட்டும்.