புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லையா?

கேள்வி: 2003 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். பேட்டரி புதிது. ஆனாலும் அடிக்கடி இறங்கிவிடுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி. வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி, அரை மணி நேரம் செலவழித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரவு முழுக்க வண்டி நின்ற பிறகு, காலையில் பேட்டரியில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து அளந்தால் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் அதனால்தான்.

13-க்குக் கீழே காட்டினால் உடனே ஆல்டர்னேட்டர் மேல் பழி போடாதீர்கள். முதலில் அதைச் சுழற்றும் பெல்ட். ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் தொய்ந்திருக்கிறது. அடுத்து, பழைய வண்டிகளில் பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது, ஒயரும் எர்த்தும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு இன்ஜின் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ வோல்ட் வீணாகிறது. அதேபோல ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் 0.2-க்கு மேல் போகக் கூடாது. எங்கள் வீட்டு வண்டிக்கும் இதே பிரச்சினைதான். ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.1. இன்ஜினிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகும் எர்த் ஒயர் பச்சை பூத்துக் கிடந்தது. அதை மாற்றியதோடு சரி, ஆல்டர்னேட்டரைத் தொடவே இல்லை.

இதெல்லாம் நன்றாக இருந்தும் ஆல்டர்னேட்டரிலேயே வோல்ட் குறைவாக இருந்தால் கழற்ற வேண்டியதுதான். அப்போதும் முழுசாக மாற்றத் தேவையில்லை. உள்ளே உரசிக்கொண்டு கரண்ட் கடத்தும் கார்பன் தேய்ந்திருந்தால் கார்பன் மட்டும், ரெகுலேட்டர் போயிருந்தால் அது மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரியவே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். சில வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு ஆரம்ப கரண்ட் போகிறது.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "இன்ஜின் நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று சோதிப்பவர்களை தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட்டை ஒரே திசையில் விடும் டயோடுகளையும், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவையும் எரித்துவிடலாம்.

சார்ஜ் ஒழுங்காக ஏறியும் இரவில் பேட்டரி இறங்கினால், எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி அளந்து பாருங்கள். அப்போது செல்ஃப் மட்டும் அடிக்கக் கூடாது, மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதற்கும் குறையவில்லையா? பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து, வண்டியில் எங்கும் படாமல் டேப் சுற்றி வைத்து, மறுபடி அளந்து பாருங்கள். இப்போது குறைந்தால் டயோடு கசிகிறது.