மீட்டர் டயலுக்கு வண்ண வினைல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனது பழைய காரின் டேஷ்போர்டில் உள்ள கறுப்பு டயல்களின் மீது சிவப்பு வினைல் (பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம்) ஒட்ட விரும்புகிறேன். ஒட்டினால் இரவில் எண்கள் தெரியாது என்கிறார்கள். உண்மையா? முட்களைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது; ஆனால் அதற்காக உங்கள் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. பெரும்பாலான கார்களில் டயல் என்பது ஒளி ஊடுருவக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தகடுதான். அதன் மீது கறுப்பு மை அச்சிட்டு, எண்களும் கோடுகளும் உள்ள இடங்களில் மட்டும் வெளிச்சம் கடந்து வரும்படி விட்டிருப்பார்கள். ஒளி புகாத வினைலை முழு டயலின் மீதும் ஒட்டினால் பகலிலும் இரவிலும் எண்கள் மறைந்துபோகும். எனவே எண்களின் வடிவத்தைத் துல்லியமாக வெட்டி எடுத்துவிட்டு, பின்னணியை மட்டும் மூட வேண்டும். இதற்கு டயலை ஸ்கேன் செய்து, கணினி வழியாக பிளாட்டரில் (வினைலை வடிவங்களாக வெட்டும் இயந்திரம்) வெட்டுவதே சிறந்த வழி. சிறிய எண்களைக் கையால் பிசிறின்றி வெட்டுவது மிகவும் கடினம் என்பதால், பிளாட்டர் வசதி இல்லாதவர்கள் எண்களைத் தொடாமல், நடுவட்டத்துக்கும் வெளி விளிம்புக்கும் மட்டும் நிறம் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒளி ஊடுருவும் வினைல் என்றால் எண்களின் மீதே ஒட்டலாம். ஆனால் பின்னால் எரியும் விளக்கின் நிறத்தை முதலில் கவனியுங்கள். சிவப்புப் படலம் சிவப்பு ஒளியை மட்டுமே கடந்துபோக விடும். பின்விளக்கு வெள்ளையாக இருந்தால் எண்கள் சிவப்பாக ஒளிரும். பச்சையாக இருந்தால் அந்த ஒளியில் சிவப்பு ஏறக்குறைய இல்லாததால் எண்கள் இருண்டுவிடும். எதையும் கழற்றுவதற்கு முன், இருட்டிய பிறகு விளக்கைப் போட்டு, வினைலின் சிறு துண்டு ஒன்றை மீட்டரின் முன்மூடிமேல் வைத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

முட்களைப் பொறுத்தவரை, முடிந்தவரை அவற்றைக் கழற்றாதீர்கள். முள் மிக மெல்லிய தண்டு ஒன்றின் மீது அழுத்திச் செருகப்பட்டிருக்கிறது. திருகி இழுத்தால் தண்டோ உள்ளிருக்கும் பற்சக்கரமோ சேதமடையலாம், திரும்பச் செருகும்போது சிறிது விலகினாலும் வேகம் தவறாகக் காட்டும். அதற்குப் பதிலாக, வெட்டிய வினைலில் நடுத் துளையிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரே நேர்கோட்டில் கீறிக்கொண்டு, முள்ளுக்கு அடியில் நுழைத்து ஒட்டலாம். பெரும்பாலான டயல்களில் கீழ்ப்பகுதிக்கு முள் வருவதில்லை என்பதால் அந்தக் கீறல் கண்ணை உறுத்தாது.

கழற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், முள் நிற்கும் இடத்தை முன்கூட்டியே நேர் எதிரே நின்று படம் எடுத்து வையுங்கள். சீரான வேகத்தில் செல்லும்போது, மீட்டர் காட்டும் வேகத்தையும் கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும் உடன் வருபவர் குறித்துக்கொள்ளட்டும். வேலை முடிந்த பிறகும் இதே ஒப்பீட்டைச் செய்யுங்கள். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்று ஐ.நா.வின் 39ஆம் வாகன ஒழுங்குவிதி கூறுகிறது. சற்றே கூடுதலாகக் காட்ட அதில் இடமுண்டு. ஆகவே முன்பு இருந்த அதே வித்தியாசம் இப்போதும் இருக்கிறதா என்பதே கேள்வி.

கேள்வி: எந்த வகை வினைல் வெயிலைத் தாங்கும்?

பதில்: திரவமாக ஊற்றிப் படலமாக்கப்படும் காஸ்ட் வினைலையே வாங்குங்கள். மலிவான காலண்டர்டு வினைல் உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்துத் தயாரிக்கப்படுவதால், சூடேறும்போது பழைய அளவுக்குத் திரும்ப முயன்று சுருங்கும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. சுருங்கிய வினைலின் விளிம்பு மேலெழுந்து முள்ளில் உரசினால் முள் அங்கேயே சிக்கி நின்றுவிடும். காஸ்ட் வினைல் பெரும்பாலும் 50 மைக்ரான் அளவே தடிமன் கொண்டது என்பதும் இங்கே சாதகம். டயலைத் துடைக்கத் தின்னரோ அசிட்டோனோ வேண்டாம், அவை அச்சையும் பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும். மென்மையான உலர்ந்த துணியே போதும்.

கேள்வி: எச்சரிக்கை விளக்குகளின் மீதும் அதே நிறத்தை ஒட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. சிவப்பு என்றால் உடனடி ஆபத்து, மஞ்சள் என்றால் கவனம் தேவை, நீலம் என்றால் ஹை பீம் எரிகிறது என்று ஓட்டுநர் நிறத்தைக் கொண்டே புரிந்துகொள்கிறார். அந்தச் சிறு ஜன்னல்களையும் ஓடோமீட்டர் திரையையும் விட்டுவிட்டு வெட்டுங்கள். முன்மூடியைப் பொருத்துவதற்கு முன் இக்னிஷனை ஆன் செய்து, எல்லா எச்சரிக்கை விளக்குகளும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.